டு-லெட் பலகையும் ‘விடு’ என்ற வினையும்

தமிழ்வழியில் படித்த நம்மில் பலருக்கு லெட் என்ற ஆங்கில வினை அறிமுகமானது ஒரு வாய்ப்பாட்டில்தான். நிகழ்காலம் லெட், இறந்தகாலம் லெட், மூன்றாவது வடிவமும் லெட். எதிரே பொருள்: அனுமதி. கட், புட், ஹிட் ஆகியவற்றோடு சேர்த்து மனப்பாடம் செய்தோம். வடிவம் மாறாததால் எளிதான சொல் என்றே நினைத்தோம்.

அந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து பாருங்கள். நாலாவது வீட்டு கேட்டில் ‘டு-லெட்’ என்று பலகை தொங்கும். ‘அனுமதிப்பதற்கு’ என்று படித்தால் ஒன்றும் புரியாது. அலுவலகத்தில் மேலாளர் ‘லெட் மீ நோ’ என்று மின்னஞ்சல் அனுப்புகிறார். அவர் நம்மிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் கேட்கிறார். கணக்குப் புத்தகம் ‘லெட் எக்ஸ் பி ஃபைவ்’ என்கிறது. எக்ஸுக்கு யார் அனுமதி கொடுப்பது? பெய்துகொண்டிருந்த மழை ‘லெட் அப்’ ஆகிறது. அதற்கும் அனுமதிக்கும் தொடர்பே இல்லை.

‘அனுமதி’ என்பது லெட்டின் ஒரு மூலை. அந்த மூலையை முழு வீடாக நமக்குக் காட்டிவிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு மிக நெருங்கிய தமிழ் வினை நாள் முழுக்க நம் வாயில்தான் புழங்குகிறது. அது ‘விடு’.

டு-லெட் பலகையையே எடுத்துக்கொள்வோம். தமிழில் அதை எப்படிச் சொல்கிறோம்? ‘வீடு வாடகைக்கு விடப்படும்.’ நிலம் என்றால் ‘குத்தகைக்கு விட்டிருக்கிறேன்’. ஆங்கிலேயருக்கும் நமக்கும் இதில் ஒரே எண்ணம்தான் ஓடியிருக்கிறது: பொருள் என்னுடையது, ஆனால் கொஞ்ச காலத்துக்கு என் பிடியை விடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் இந்த வினை ஏறக்குறைய லேட்டன் என்று ஒலித்தது. விட்டுச் செல்வது, இருந்த இடத்தில் இருக்க விடுவது, போக விடுவது எல்லாம் அதன் பொருள்கள். ஜெர்மனின் லாசென், டச்சின் லாட்டன் இரண்டும் அதன் உடன்பிறப்புகள். இன்னும் பின்னால் போனால் ‘தளர்தல்’ என்ற வேர்ப்பொருளில் போய் நிற்கிறது. மாட்டின் கயிற்றைத் தளர்த்தினால் மாடு போகும். லெட்டின் அடியில் கிடப்பது இந்தப் படம்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. மழை லெட் அப் ஆனது. நாம் ‘மழை விட்டது’ என்கிறோம். மழை விட்டாலும் தூவானம் விடவில்லை என்று பழமொழியே இருக்கிறது. அமெரிக்காவில் பள்ளி முடிந்து பிள்ளைகள் வெளியே வருவதை ஸ்கூல் லெட் அவுட் என்பார்கள். நாம் ‘ஸ்கூல் விட்டாச்சு’ என்கிறோம். பெருமூச்சை அவர்கள் லெட் அவுட் செய்கிறார்கள், நாமும் பெருமூச்சு விடுகிறோம். போலீஸ்காரர் எச்சரித்துவிட்டு ஒருவரை லெட் ஆஃப் செய்தால், நமக்கு அது ‘விட்டுவிட்டார்’. நம்பியவரை லெட் டவுன் செய்வது நம்மிடம் ‘கைவிடுவது’. ஒரு மொழி இன்னொன்றைப் பார்த்து எழுதியது அல்ல இது. இரண்டும் தனித்தனியே, பிடியைத் தளர்த்தும் கையிலிருந்து கிளம்பி ஒரே இடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

இலக்கண அமைப்பும் அப்படியே ஒத்துப்போகிறது. தமிழில் ‘போக விடு’ என்கிறோம். ‘போக’ என்ற எச்சம் நேராக ‘விடு’வில் போய் ஒட்டிக்கொள்கிறது, நடுவில் வேற்றுமை உருபு கிடையாது. ஆங்கிலத்திலும் ‘லெட் ஹிம் கோ’தான், இடையில் ‘டு’ வராது. நம் மாணவர்கள் ‘லெட் ஹிம் டு கோ’ என்று எழுதும்போது அவர்கள் மனதில் ஓடுவது ‘அவன் போவதற்கு அனுமதி கொடு’ என்ற வாக்கியம். அந்த ‘தற்கு’தான் ஆங்கிலத்தில் ‘டு’வாக வந்து விழுகிறது. பிழை மாணவருடையது என்று நாம் திருத்துகிறோம். என் பார்வையில் அது வாய்ப்பாட்டில் இருந்த பொருளின் பிழை. ‘போக விடு’ என்று கற்றுக்கொடுத்திருந்தால் அந்த ‘டு’ எங்கிருந்தும் வந்திருக்காது.

லெட்டுக்குப் பக்கத்தில் மேக் என்ற வினையை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். குழந்தையைச் சாப்பிட வைத்தாள், சாப்பிட விட்டாள். முன்னது மேக், பின்னது லெட். வைப்பதில் அம்மாவின் கை வேலை செய்கிறது. விடுவதில் கை விலகிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டு வினைகளுக்குப் பின்னும் ‘டு’ வராது என்று விதியாகச் சொல்லித் தருவார்கள். தமிழரிடம் ‘வை, விடு’ என்று இரண்டு சொல்லைச் சொன்னால் போதும்.

கை விலகுவது என்றால் மனமறிந்து விலக வேண்டும் என்றுகூட இல்லை. அடுப்படியில் பால் பொங்கி வழிந்துவிட்டால், ‘பாலைப் பொங்க விட்டுட்டியே’ என்று திட்டு விழும். பாலுக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை. பார்த்துக்கொள்ளாமல் இருந்ததே விட்டதாகிறது. ஆங்கிலத்திலும் இந்த இடத்தில் இயல்பாக வருவது லெட்தான். பெர்மிட் என்று போட்டால் யாரோ விண்ணப்பம் வாங்கிக் கையெழுத்துப் போட்டு பாலைப் பொங்க வைத்தது போல் ஆகிவிடும். பூனை வீட்டுக்குள் வந்துவிட்டது. ‘யார் உள்ளே விட்டது?’ என்றுதான் கேட்போம்.

சரி, அலவ், பெர்மிட் இரண்டும் எங்கே நிற்கின்றன? மூன்றையும் ஒரே பொருளுள்ள சொற்கள் என்று அகராதிகள் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கிவிடுகின்றன. ஆனால் அவற்றின் பிறப்பு வேறு, அதனால் குணமும் வேறு.

அலவ் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதற்குள் இரண்டு லத்தீன் வினைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்றுக்குப் புகழ்தல், பாராட்டுதல் என்று பொருள்; மற்றொன்றுக்கு இடம் ஒதுக்குதல். அதனால்தான் அலவ் என்பதில் ‘சரி என்று ஏற்றுக்கொள்வது’, ‘இவ்வளவு என்று ஒதுக்கிக் கொடுப்பது’ என்ற இரண்டும் இன்றும் இருக்கின்றன. அலவன்ஸ் என்ற சொல் இரண்டாவதிலிருந்து வருகிறது: அளந்து ஒதுக்கிய தொகை. அரசு ஊழியர் வாங்கும் அகவிலைப்படி, பயணப்படி எல்லாம் அந்த வகை. நெல் அளந்த ‘படி’யும் ஒரு அளவுதான் என்பதை நினைத்தால், இந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர்கள் மேல் மரியாதை வருகிறது. விமான நிலையத்துக்குப் போக இரண்டு மணி நேரம் அலவ் செய்யுங்கள் என்றால் நேரத்தை ஒதுக்கி வையுங்கள் என்று பொருள். அங்கே லெட் நுழையவே முடியாது. அலவுக்குச் சரியான தமிழ் இணை ‘இடம் கொடு’ என்றுதான் நான் சொல்வேன். அதன் லத்தீன் வயிற்றுக்குள்ளேயே இடம் இருக்கிறது.

பெர்மிட் வேறு குடும்பம். லத்தீனில் ‘மிட்டெரே’ என்றால் அனுப்புதல். ஊடே அனுப்புவது பெர்மிட், உள்ளே அனுப்புவது அட்மிட், வெளியே அனுப்புவது எமிட். ஒரு வாசல் இருக்கிறது, காவலர் இருக்கிறார், அவர் நம்மை ஊடே போக அனுப்புகிறார். அதனால்தான் அது காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது. லாரியின் முகப்பில் ‘நேஷனல் பெர்மிட்’ என்று எழுதியிருக்கும், ஆட்டோவுக்குப் பெர்மிட் வேண்டும். ஒரு தொழில் தொடங்க அரசின் எத்தனை மேசைகளைத் தாண்ட வேண்டும் என்று கேட்ட ராஜாஜி, 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய காலத்தில், அந்த ஆட்சிமுறைக்கு லைசென்ஸ் பெர்மிட் ராஜ்யம் என்று பெயர் வைத்தார். அவர் லெட் என்ற சொல்லை வைத்து அப்படி ஒரு பெயரை உருவாக்கியிருக்க முடியாது. அதற்கு முத்திரையும் கையெழுத்தும் வேண்டும்.

வீட்டுப் பேச்சிலும் இந்த வேறுபாட்டை நாம் தவறாமல் காப்பாற்றுகிறோம். ஆற்றில் குளிக்கப் போகலாமா என்று நண்பன் கேட்டால் ‘அப்பா விடமாட்டார்’ என்போம். ‘அப்பா அனுமதிக்க மாட்டார்’ என்று எந்தப் பையனும் சொல்வதில்லை. பள்ளியில் செல்போன் என்றால் ‘அலவ் பண்ண மாட்டாங்க’. ஊர்வலம் என்றால் காவல்துறை ‘அனுமதி மறுத்தது’. ஆள் விடுவார், நிறுவனம் அலவ் பண்ணும், அரசு அனுமதிக்கும்.

இந்தக் குடும்பத்தில் லீவு என்ற சொல்லைச் சேர்க்காமல் போக எனக்கு மனம் வரவில்லை. லீவு என்றால் விடுமுறை என்று நினைத்திருக்கிறோம். அதன் அடிப்பொருள் ‘அனுமதி’தான். வேலைக்கு வராமல் இருக்க அனுமதி, அதுவே லீவு. புறப்படுவது என்ற பொருளில் வரும் லீவ் என்ற வினை வேறு சொல். ஒலி மட்டும் ஒன்றாகிவிட்டது. நம் அலுவலகங்களில் ‘லீவு’ ஒரு நாளுக்கு, ‘பெர்மிஷன்’ ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு என்று பிரித்து வைத்திருக்கிறோம். ‘இன்னைக்கு ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டிருக்கேன்’ என்றால் எல்லோருக்கும் புரியும். இரண்டு சொல்லும் ஒரே பொருளில் பிறந்தவை. கடிகாரத்தைப் பார்த்து அவற்றைப் பங்கு பிரித்தது நாம்தான். தமிழ்ப் பக்கம் திரும்பினால் ‘விடுமுறை’யில் ‘விடு’ இருக்கிறது. பெரியவர்களிடம் ‘விடைபெற்று’ வருகிறோமே, அந்த ‘விடை’யும் ‘விடு’விலிருந்து வந்ததுதான். போக விடும் சொல் விடை. ஆங்கிலத்தில் டேக் லீவ் என்பதற்கும் முதலில் இதே பொருள்: போக அனுமதி பெறுவது.

அப்புறம், ஒரு காலத்தில் லெட்டும் அலவும் இருந்த வரிசையில் சஃபர் என்ற சொல்லும் இருந்தது. இன்று அதற்குத் துன்பப்படுவது என்று மட்டும் பொருள் சொல்கிறோம். லத்தீனில் அது கீழிருந்து தாங்குவதைக் குறித்தது. தாங்கிக்கொள்வது பொறுத்துக்கொள்வதாகி, பொறுத்துக்கொள்வது விட்டுக்கொடுப்பதாகியது. 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வர விடச் சொல்லும் இயேசுவின் வாக்கியம் சஃபர் என்றுதான் தொடங்குகிறது. சிறு பிள்ளைகள் துன்பப்பட வேண்டுமா என்று இன்றைய ஆங்கில வாசகரே ஒரு கணம் தடுமாறுவார். பழைய தமிழ் பைபிளில் அந்தத் தடுமாற்றமே இல்லை: ‘சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்.’ மொழிபெயர்த்தவர்கள் அனுமதி என்ற சொல்லின் பக்கமே போகவில்லை. எகிப்தின் அரசனான பார்வோனிடம் மோசே கொண்டுபோன செய்தியிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் லெட், தமிழில் ‘என் ஜனங்களைப் போகவிடு’.

அதே ஆங்கில பைபிளில் இன்னொரு லெட் இருக்கிறது, அதுதான் இந்தச் சொல்லின் வரலாற்றிலேயே விசித்திரமான பகுதி. தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், அதாவது கடிதத்தில், லெட் இரண்டு முறை அடுத்தடுத்து வருகிறது. தமிழில் அந்த இடத்தைத் தேடினால் ‘தடைசெய்கிறவன்’ என்று இருக்கிறது. மொழிபெயர்ப்புப் பிழை இல்லை. ஆங்கிலத்தில் ‘தடு’ என்ற பொருளிலும் ஒரு லெட் இருந்தது.

எப்படி? பழைய ஆங்கிலத்தில் லேட்டன் என்ற வினைக்குப் பக்கத்தில் லெட்டன் என்று இன்னொரு வினை இருந்தது. தளர்தல் என்ற அதே வேர்தான் இதற்கும். கயிறு தளர்ந்தால் மாடு போகும் என்று பார்த்தோம். ஆள் தளர்ந்தால்? மெதுவாவார், தாமதமாவார். நாம் அன்றாடம் சொல்லும் லேட் என்ற சொல் அப்படி வந்ததுதான். ஒருவரை லேட் ஆக்குவது அவரைத் தடுப்பது, அது லெட்டன். நூற்றாண்டுகள் போகப் போக இரண்டு வினைகளின் ஒலியும் தேய்ந்து, லெட் என்ற ஒரே வடிவத்தில் வந்து நின்றுவிட்டன. ‘விடு’வும் ‘தடு’வும் ஒரே சொல்லாகிவிட்டால் பேசுபவர்கள் என்ன செய்வார்கள்? ஒன்றைக் கைகழுவுவார்கள். தடு என்ற லெட் மெல்ல மறைந்தது.

முழுதாக மறையவில்லை. டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையைத் தொட்டுவிட்டுச் சரியான கட்டத்தில் விழுந்தால் நடுவர் லெட் என்பார், பந்தை மறுபடி போட வேண்டும். வலை தடுத்துவிட்டது என்று இந்தப் பழைய பொருளை வைத்தே அதை விளக்குகிறார்கள். இன்னொரு இடம் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டை எடுத்து, குடியரசுத் தலைவரின் பெயரால் அச்சிட்டிருக்கும் ஆங்கில வேண்டுகோளைப் படியுங்கள். இதை வைத்திருப்பவரைத் தாராளமாகப் போக அலவ் செய்யுங்கள், லெட் எதுவும் இல்லாமல், என்று வரும். ஒரே வாக்கியத்தில் அலவ் விடச் சொல்கிறது, லெட் தடையாக நிற்கிறது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டிலும் இதே தொடர் உண்டு. பாஸ்போர்ட்டைப் பலமுறை புரட்டியும் இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். கவனித்த நாளில் நாலு பேருக்குக் காட்டினேன்.

எதிர்ப்பொருள் இரண்டையும் சுமக்கும் வேறொரு சொல்லையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். வங்கியில் லோன் சாங்ஷன் ஆனால் மகிழ்ச்சி. ஒரு நாட்டின் மேல் சாங்ஷன் விழுந்தால் அது பொருளாதாரத் தடை.

இப்போது கணக்குப் புத்தகத்துக்குத் திரும்புவோம். ‘லெட் எக்ஸ் பி ஃபைவ்’ என்பதை நம் பாடநூல் ‘எக்ஸ் = 5 என்க’ என்று எழுதுகிறது. அழகான, சுருக்கமான தமிழ். ‘என்க’ என்பது வியங்கோள் வினைமுற்று. வாழ்க, வருக, ஒழிக எல்லாம் அந்த இனம். வியங்கோள் எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் பொதுவாக வரும் என்கிறது நன்னூல். ஆங்கிலத்தில் இப்படித் தனி வினைமுற்று விகுதி இல்லாததால், வாழ்த்து, கட்டளை, வேண்டுகோள், ஊகம் எல்லாவற்றையும் லெட்டின் தலையில் ஏற்றிவிட்டார்கள். ஒளி உண்டாகும்படி கடவுள் சொன்ன முதல் கட்டளை ஆங்கிலத்தில் லெட் என்று தொடங்கும். தமிழில் ‘வெளிச்சம் உண்டாகக்கடவது’. அங்கே ஒளிக்கு யாரும் அனுமதி தரவில்லை.

பேச்சில் நாம் வியங்கோளைவிட ‘அட்டும்’ என்பதையே அதிகம் பயன்படுத்துகிறோம். வரட்டும், போகட்டும், இருக்கட்டும். இந்த ‘அட்டும்’ எங்கிருந்து வந்தது தெரியுமா? ‘வர ஒட்டும்’ என்பது சேர்ந்து ‘வரட்டும்’ ஆனது என்று மொழியறிஞர்கள் விளக்குகிறார்கள். ஒட்டுதல் என்றால் இசைதல், உடன்படுதல். ‘உள்ளே வரவொட்டாமல் தடுத்தான்’ என்று பழைய உரைநடையில் படித்திருப்போம். அங்கே ‘வர விடாமல்’ என்று பொருள். ஆக, ‘விடுவது’ என்று பொருள்படும் ஒரு வினைதான் ஆங்கிலத்தில் லெட்டாக முன்னால் நிற்கிறது, தமிழில் விகுதியாகிப் பின்னால் ஒட்டிக்கொண்டது.

லெட் அலோன் என்ற தொடர் பலரையும் குழப்புவது. ‘அவரால் நடக்கவே முடியாது, லெட் அலோன் ஓடுவது’ என்பது ஆங்கில வரிசை. இதற்கும் ‘இருக்கட்டும்’ சரியாக வந்து உட்காரும், ஆனால் வரிசையைத் திருப்ப வேண்டும்: ‘ஓடுவது இருக்கட்டும், நடக்கவே முடியாது.’ பெரியதை முதலில் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சின்னதற்கு வருவது தமிழ். இந்தத் திருப்பம் பிடிபட்டவர்கள் இந்தத் தொடரை மறப்பதில்லை.

லெட் அஸ், லெட்ஸ் இரண்டும் ஒன்றின் நீட்டலும் குறுக்கலும் என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் எப்போதும் அல்ல. ஒரு வீட்டில் திருடனிடம் மாட்டிக்கொண்ட குடும்பம் ‘லெட் அஸ் கோ’ என்று கெஞ்சினால், ‘எங்களைப் போக விடு’ என்று பொருள். அந்த இடத்தில் அதைச் சுருக்கி ‘லெட்ஸ் கோ’ என்று சொன்னால் திருடனையும் சேர்த்துக் கூப்பிடுவதாகிவிடும். சுருங்கிய வடிவம் ‘நாம்’ மட்டும். விரிந்த வடிவம் ‘நாம்’ ஆகவும் இருக்கலாம், ‘நாங்கள்’ ஆகவும் இருக்கலாம். தேவாலயத்தில் குருவானவர் லெட் அஸ் என்று தொடங்கி அழைப்பது ‘ஜெபிப்போமாக’. அது விரிந்த வடிவம், ஆனாலும் நாம்தான். ஆங்கிலத்தில் நாம், நாங்கள் என்று இரண்டு சொல் கிடையாது. கேட்பவரைச் சேர்த்தா சேர்க்காமலா என்பதை அந்த மொழி வெளியே காட்டும் அபூர்வமான இடம் இது. தாய்மொழியிலேயே அந்த வேறுபாட்டோடு வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமமே இருக்கக்கூடாது. யாரும் அந்தப் பக்கமாகச் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் குறை.

லெட்டுக்குச் செயப்பாட்டுவினை வடிவம் அநேகமாக வராது. ‘நான் போக அனுமதிக்கப்பட்டேன்’ என்பதற்கு அலவ்டு என்று போட வேண்டும். இதற்கும் காதே போதும்: ‘நான் போக விடப்பட்டேன்’ தமிழிலும் நன்றாக இல்லை, ‘என்னைப் போக விட்டார்கள்’ என்றுதான் சொல்வோம். ‘ஹீ வாஸ் லெட் கோ’ என்று கேட்டால் மட்டும் உஷாராக வேண்டும். பெரும்பாலும் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்பதை மென்மையாகச் சொல்கிறார்கள்.

இத்தனையும் ஆங்கிலம் கற்பதற்காக மட்டும் எழுதவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை நம் தமிழ் பற்றியது. லெட், அலவ், பெர்மிட், அட்மிட், எனேபிள் என்ற ஐந்துக்கும் எதிரே ‘அனுமதி’ என்று ஒற்றைச் சொல்லை எழுதிப் பழகியதால், அந்தச் சொல் இப்போது எல்லா இடத்திலும் முளைத்துவிட்டது. விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனையில் ‘அனுமதித்தார்கள்’ என்கிறது செய்தி. ‘சேர்த்தார்கள்’ என்கிறது ஊர். செல்போன் செயலிகளின் தமிழ் விளக்கம் இன்னும் மோசம். ‘இந்தச் செயலி உங்கள் கணக்கு இருப்பைப் பார்க்க உங்களை அனுமதிக்கிறது.’ என் பணத்தைப் பார்க்க ஒரு செயலி எனக்கு அனுமதி கொடுக்கிறதா? மூலத்தில் லெட்ஸ் யூ என்று இருந்திருக்கும், அதற்குச் ‘செய்ய முடியும்’ என்பதற்கு மேல் பொருளே இல்லை. இதைத் தமிழில் சொல்ல அனுமதியும் வேண்டாம், ‘விடு’வும் வேண்டாம். ‘இந்தச் செயலியில் உங்கள் கணக்கு இருப்பைப் பார்க்கலாம்.’